ஷெலாக் பகுதியை ஒரு வாரம் வாசிப்பது எப்படி: பன்னிரண்டு ஒற்றரும் ஒரு தலைமுறையின் கீழ்ப்படியாமையும்

மோசேயின் ஐந்து நூல்களைத்தான் யூதர்கள் தோரா என்கிறார்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்று (சில வாரங்களில் இரண்டு) என்று ஆண்டு முழுவதும் வாசித்து வருகிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். சிம்காத் தோரா என்ற திருநாளில் கடைசிப் பகுதியை முடித்து, அன்றைக்கே ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திரும்பத் தொடங்குவார்கள். உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும் பெரும்பாலும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே பகுதியில்தான் இருப்பார்கள்.

இந்த வாசிப்பு முறையைப் பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆதியாகமத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. எந்த வாரத்திலும் உள்ளே நுழையலாம். ஆனால் ஒரே ஒரு பகுதியை எடுத்து ஊன்றிப் படித்துப் பழக வேண்டும் என்றால், நான் ஷெலாக் பகுதியைத்தான் கையில் கொடுப்பேன். எண்ணாகமம் 13 முதல் 15 வரையுள்ள மூன்று அதிகாரங்கள். விசுவாசம் எங்கே உடைகிறது, கீழ்ப்படியாமை எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பகுதிகள் தோராவில் குறைவு. கதையும் நமக்குப் புதிதல்ல. வாக்குத்தத்தத்தின் தேசத்தைப் பார்த்துவரப் போன பன்னிரண்டு பேர், அவர்களில் பத்துப் பேர் பயந்தார்கள், இரண்டு பேர் பயப்படவில்லை. ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களுக்கு அவ்வளவுதான் நினைவிருக்கும். மெதுவாக வாசித்தால் இந்தச் சுருக்கம் போதவே போதாது என்று தெரியும்.

நூலும் நாட்காட்டியும்

தமிழில் வாசிக்க, சபைகளில் பழக்கமான பழைய திருப்புதலில் எண்ணாகமம் என்றும், கத்தோலிக்கரும் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் எண்ணிக்கை என்றும் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. ஒன்றில் புரியாத வாக்கியம் மற்றதில் தெளிந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள் பழைய திருப்புதலின்படி.

ஷெலாக் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். எந்தச் சனிக்கிழமை என்று எபிரெய நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் இஸ்ரவேலிலும் வெளிநாடுகளிலும் ஒரு வார வித்தியாசம் இருக்கும். இஸ்ரவேலுக்கு வெளியே சில திருநாட்கள் ஒரு நாள் கூடுதலாகக் கொண்டாடப்படுகின்றன. அந்தக் கூடுதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் வெளிநாட்டு வாசிப்பு ஒரு வாரம் பின்தங்கிவிடும், சில வாரங்களில் சரியாகிவிடும். குழம்ப வேண்டாம்.

ஜெப ஆலயத்தில் சனிக்கிழமை காலை வாசிக்கும்போது ஒரு பகுதியை ஏழாகப் பிரித்து, ஏழு பேரை அழைப்பார்கள். அந்தப் பிரிவுகளையே நீங்கள் ஞாயிறு முதல் சனி வரை நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். ஷெலாக்கில் அவை இப்படி வரும்: 13:1–20, 13:21–14:7, 14:8–25, 14:26–15:7, 15:8–16, 15:17–26, 15:27–41. மொத்தம் 119 வசனங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

பிரிவுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் பாருங்கள். இரண்டாவது பிரிவு, ஜனங்கள் அழுது புலம்பிக்கொண்டிருக்கும்போது, யோசுவாவும் காலேபும் அந்தத் தேசம் மகா நல்ல தேசம் என்று சொல்லும் இடத்தில் முடிகிறது. வாசிப்பைக் கெட்ட செய்தியில் நிறுத்தாமல் நல்ல வார்த்தையில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் மரபு.

முதல் தடவை, உரை எதையும் தொடாமல்

வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு தடவையும் மொழிபெயர்ப்பில் ஒரு தடவையும் வாசித்துவிட வேண்டும் என்று, யூத ஆசிரியர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. எபிரெயம் தெரியாதவர்கள் தமிழிலேயே இரண்டு தடவை வாசிக்கலாம். முதல் தடவை முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். விளக்கவுரை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், ஏற்கெனவே தெரிந்த கதை என்ற நினைப்பும் வேண்டாம். சிக்கும் இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

இந்த வாசிப்பில் எல்லோருக்கும் ஓரிடம் இடிக்கும். 13, 14 அதிகாரங்களில் விறுவிறுப்பாகப் போகும் கதை, 15இல் திடீரென்று மாவும் எண்ணெயும் திராட்சரசமும் எவ்வளவு என்ற அளவுக் கணக்கில் இறங்கிவிடும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அதற்கு அப்புறம் வருவோம்.

இரண்டாவது தடவை, பென்சிலோடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கத்தில், ஒற்றரை அனுப்பும்போது மோசே கேட்ட கேள்விகளை எழுதுங்கள். 13:18 முதல் 20 வரை இருக்கின்றன. ஜனங்கள் பலவான்களா, பலவீனரா? கொஞ்சம் பேரா, அநேகரா? தேசம் நல்லதா, கெட்டதா? பட்டணங்கள் கூடாரங்களா, கோட்டைகளா? நிலம் வளமா, இளைப்பா? மரங்கள் உண்டா, இல்லையா? கையோடு கொஞ்சம் கனியும் கொண்டுவாருங்கள் என்றும் சொல்கிறார். திராட்சை முதற்பழம் பழுக்கிற காலம் அது.

வலது பக்கத்தில், நாற்பது நாள் கழித்துத் திரும்பியவர்கள் சொன்ன பதில்களை எழுதுங்கள். தேசம் பாலும் தேனும் ஓடுகிறது, இதோ கனி. எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே திராட்சக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். (இன்றைய இஸ்ரவேலின் சுற்றுலா அமைச்சகத்தின் சின்னமே அந்த இரண்டு பேரும் அந்தக் குலையும்தான்.) ஆனாலும் ஜனங்கள் பலவான்கள், பட்டணங்கள் அரணானவை, எபிரோனில் ஏனாக்கின் சந்ததியைக் கண்டோம், தெற்கே அமலேக்கியர், மலைநாட்டில் ஏத்தியர், எபூசியர், எமோரியர், கடலோரத்தில் கானானியர்.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒத்துப் பாருங்கள். கேட்ட கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கிறது. 13:29 வரை அவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. காலேப்கூட அந்த விவரங்களில் ஒன்றையும் மறுக்கவில்லை.

அடுத்து 13:31க்கு வாருங்கள். நம்மால் அந்த ஜனங்களுக்கு எதிராகப் போக முடியாது, அவர்கள் நம்மைவிடப் பலவான்கள் என்கிறார்கள். இதை இடது பக்கத்தில் எந்தக் கேள்விக்கு நேராக எழுதுவீர்கள்? இடம் கிடைக்காது. நம்மால் முடியுமா என்று மோசே கேட்கவே இல்லை. பார்த்துவா என்று அனுப்பப்பட்டவர்கள், முடியாது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த நாட்டைக் கொடுப்பேன் என்று சொன்னவர் இன்னொருவர், அவரைக் கணக்கிலேயே எடுக்காமல் சொல்கிறார்கள்.

கீழ்ப்படியாமை இந்தப் பகுதியில் இங்கேதான் பிறக்கிறது என்பது என் வாசிப்பு. அது பொய்யில் தொடங்கவில்லை, பயத்தில்கூடத் தொடங்கவில்லை. உண்மையான தகவல்களைக் கூட்டி, யாரும் கேட்காத கேள்விக்கு விடை சொன்னதில் தொடங்குகிறது. பொய் அப்புறம்தான் வருகிறது. தீர்ப்பைச் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டுமே. 13:32இல் அதே நல்ல தேசம் தன் குடிகளைத் தின்னும் தேசமாகிவிடுகிறது. எபிரோனில் பார்த்த சில இராட்சதர், கண்ட ஜனங்கள் எல்லோருமே மிகப் பெரிய ஆட்கள் என்று பெருகிவிடுகிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த வளர்ச்சியை வசனம் வசனமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

கடைசியில் 13:33. எங்கள் பார்வைக்கு நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம். தல்மூத்தில் இந்த வசனத்தைப் பிடித்து ஓர் ஆசிரியர் நேராகக் கேட்கிறார்: உங்கள் பார்வைக்கு எப்படி இருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்கள் பார்வைக்கு எப்படி இருந்தீர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைத் தாளின் அடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் வேதத்திலேயே இருக்கிறது, வார முடிவில் வருகிறது.

யார் பேசுகிறார், யார் பேசவில்லை

மூன்றாம் நாள், வசனங்களின் ஓரத்தில் பேசுகிறவர் பெயரை மட்டும் எழுதுங்கள். 13:30இல் காலேப் தனியாகப் பேசுகிறார். யோசுவாவோ எண்ணாகமம் 14:6 வரை வாய் திறக்கவில்லை. ஏன்? வேதம் சொல்லவில்லை. யோசுவா மோசேயின் பணியாள், அவர் பேச்சை ஜனங்கள் கேட்க மாட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. காலேப் எப்படி ஜனங்களை அமரப் பண்ணினார் என்பதற்கும் தல்மூத் ஒரு கதை சொல்கிறது. அம்ராமின் மகன் நமக்குச் செய்தது இது ஒன்றுதானா என்று தொடங்கினாராம். மோசேயைத் திட்டப் போகிறார் போலிருக்கிறது என்று கூட்டம் அமைதியானது. உடனே, எகிப்திலிருந்து கொண்டுவந்தார், கடலைப் பிளந்தார், மன்னாவை இறங்கப் பண்ணினார் என்று அடுக்கினாராம். கோபமான கூட்டத்தின் முன்னால் உண்மை பேச விரும்புகிறவர்களுக்கு இது உதவும்.

ஜனங்களின் பேச்சையும் கவனியுங்கள். எகிப்திலேயே செத்திருந்தால் நலமாயிருக்கும், இந்த வனாந்தரத்திலே செத்தாலும் நலம் என்கிறார்கள். ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்புவோம் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொள்ளையாவார்களே என்கிறார்கள். இந்த மூன்றையும் குறித்து வையுங்கள். பின்னால் வரும் தீர்ப்பு இவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களையே திருப்பித் தருகிறது. வனாந்தரத்தில் சாவோம் என்றார்கள், அப்படியே ஆகிறது. பிள்ளைகள் கொள்ளையாவார்கள் என்றார்கள், அந்தப் பிள்ளைகள்தான் தேசத்துக்குள் போகிறார்கள்.

14:11இல் கர்த்தர், எதுவரைக்கும் என்னை விசுவாசியாதிருப்பார்கள் என்று கேட்கிறார். விசுவாசம் என்றால் கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது என்று நினைத்துப் பழகியவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். இவர்கள் மன்னாவைப் பொறுக்கித் தின்கிறவர்கள், தலைக்கு மேல் மேகத்தைப் பார்க்கிறவர்கள். கடவுள் உண்டு என்பதில் இவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அவர் சொன்னதை நம்பி ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியபோது வைக்கவில்லை, அதற்குத்தான் அவிசுவாசம் என்று பெயர் வருகிறது.

உரைகாரர்களிடம் ஒரு கேள்வியோடு போங்கள்

இதுவரை உரை எதையும் தொட வேண்டாம் என்றேன். இப்போது தொடலாம், ஆனால் கையில் ஒரு கேள்வியோடு. உரைகளை முதலிலிருந்து கடைசி வரை படிக்கத் தொடங்கினால் அந்த வாரமே அதில் மூழ்கிவிடும். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கு இரண்டு மூன்று பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தொடக்கத்தில் நல்லது. நான் பரிந்துரைக்கும் கேள்வி: ஒற்றரை அனுப்பியது தவறா?

பிரான்சின் துரோவா நகரில் 1040இல் பிறந்த ராஷி, கர்த்தர் இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்கிறார். உனக்கு விருப்பமானால் அனுப்பு, நான் கட்டளையிடவில்லை என்ற தொனியில் படிக்கிறார். முந்தின அதிகாரத்தில் மிரியாம் தன் தம்பியைப் பற்றிக் குறை பேசி தண்டனை அடைந்ததைப் பார்த்தும் இவர்கள் பாடம் படிக்கவில்லை, அதனால்தான் இரண்டு கதைகளும் அடுத்தடுத்து வருகின்றன என்பதும் அவர் உரையில் உண்டு.

ஸ்பெயினில் 1194இல் பிறந்த ராம்பன் வேறு விதமாகப் பார்க்கிறார். போருக்குப் போகிறவர்கள் முன்கூட்டி ஆளனுப்பிப் பார்ப்பது உலக வழக்கம், அதில் பிழை இல்லை. 13:28இல் அந்த 'ஆனாலும்' வந்த இடத்தில்தான் அவர்கள் எல்லை தாண்டினார்கள் என்பது அவர் கருத்து. நான் தாளில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னது பெரும்பாலும் ராம்பனின் வழிதான், எல்லைக் கோட்டை மட்டும் மூன்று வசனம் தள்ளி, 13:31இல் போடுகிறேன்.

இந்த வரிசையில் சேராத ஒரு விளக்கமும் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரும் தோல்விக்குப் பயப்படவில்லை என்று ஹசிதிய (யூதரின் ஒரு பக்தி இயக்கம்) ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வனாந்தரத்தில் மன்னா கிடைக்கிறது, மேகம் மூடுகிறது, நாளெல்லாம் வேதத்தோடு இருக்கலாம். தேசத்துக்குள் போனால் உழ வேண்டும், விதைக்க வேண்டும், ஊரைக் காக்க வேண்டும். அந்தப் பரிசுத்த வாழ்க்கையை விட மனமில்லாமல்தான் போக மறுத்தார்கள் என்பது அவர்கள் விளக்கம். வசனங்களின் நேர்ப்பொருளிலிருந்து இது தூரம் போகிறது. ஆனாலும் பக்தியின் பெயரிலும் ஒருவர் கீழ்ப்படியாமல் இருக்க முடியும் என்ற அந்த எச்சரிக்கையை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

தேசம் தன் குடிகளைத் தின்கிறது என்ற வசனத்துக்கு ராஷி தரும் விளக்கத்தையும் தவறவிடாதீர்கள். ஒற்றர் போன இடமெல்லாம் சாவு வீடாக இருந்ததாம். ஊரார் அடக்கத்தில் மும்முரமாக இருந்தால் இவர்களைக் கவனிக்க மாட்டார்கள் என்று கர்த்தரே அப்படிச் செய்தாராம். தங்களைக் காக்கச் செய்ததையே இவர்கள் தேசத்தின் குற்றமாக எழுதிவிட்டார்கள். அதே காட்சி, இரண்டு வாசிப்பு.

உபாகமம் முதல் அதிகாரம்

நாற்பது வருடம் கழித்து மோசே இதே கதையைத் திரும்பச் சொல்கிறார். உபாகமம் 1:19 முதல் 46 வரை எடுத்து, எண்ணாகமத்தோடு ஒத்துப் பாருங்கள். அங்கே ஆளனுப்பும் யோசனை ஜனங்களுடையது, மோசேக்கும் அது நன்றாய்த் தோன்றியது. பத்துப் பேரின் கெட்ட செய்தி அங்கே பெரிதாக வரவில்லை. ஒற்றர் நல்ல தேசம் என்று சொல்லியும் நீங்கள் போக மனதில்லாமல் இருந்தீர்கள் என்று ஜனங்களை நேராகக் கேட்கிறார். இரண்டில் எது சரி என்று அவசரப்பட்டுத் தீர்க்க வேண்டாம். யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். உபாகமத்தில் கேட்கிறவர்கள் அந்தப் பிள்ளைகள், இப்போது வளர்ந்து யோர்தானுக்கு இக்கரையில் நிற்கிறார்கள். இனிமேல் தலைவர்கள் மேல் பழி போட முடியாத இடம் அது.

மன்னிப்பும் தண்டனையும் ஒரே மூச்சில்

14:13 முதல் 19 வரை மோசேயின் ஜெபம். ஜனங்கள் நல்லவர்கள் என்று அவர் ஓரிடத்திலும் வாதாடவில்லை. எகிப்தியர் கேட்டால் என்ன சொல்வார்கள், கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வனாந்தரத்தில் கொன்றுபோட்டார் என்பார்களே என்கிறார். பொன் கன்றுக்குட்டிக்குப் பிறகு ஜெபித்தபோது ஆபிரகாம், ஈசாக்கு, இஸ்ரவேல் என்று முற்பிதாக்களை நினைப்பூட்டியவர், இங்கே அவர்களைக் குறிப்பிடவில்லை. அந்த முற்பிதாக்களுக்குக் கொடுத்த தேசத்தையே பிள்ளைகள் வேண்டாம் என்றபோது எந்த முகத்தோடு அவர்கள் பெயரைச் சொல்வது என்று உரைகாரர்கள் இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

14:20இல், உன் வார்த்தையின்படியே மன்னித்தேன் என்று பதில் வருகிறது. அடுத்த வசனங்களிலேயே, இருபது வயதும் அதற்கு மேலும் எண்ணப்பட்டவர்கள் தேசத்தில் நுழைய மாட்டார்கள் என்ற தீர்ப்பும் வருகிறது. நாற்பது நாளுக்கு நாற்பது வருடம், நாளுக்கு ஒரு வருடம். எண்ணாகமத்தின் முதல் கணக்கில் அந்த வயதுள்ள ஆண்கள் 6,03,550 பேர், லேவியரைச் சேர்க்காமல்.

மன்னித்தேன் என்றால் இதென்ன மன்னிப்பு என்று தோன்றும். தோன்றட்டும், இதில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஜனம் அழிக்கப்படவில்லை. மன்னா நிற்கவில்லை, மேகம் விலகவில்லை. அந்த நாற்பது வருடமும் அவர்கள் உடை பழையதாகவில்லை, கால் வீங்கவில்லை என்று நெகேமியா 9 சொல்கிறது. உறவு திரும்பக் கிடைத்தது, தவறவிட்ட வேளை கிடைக்கவில்லை. யோம் கிப்பூர் இரவில், கோல் நித்ரே என்ற தொடக்க அறிக்கையைச் சொல்லி முடித்தவுடன், சபையார் இந்த 14:20ஐயும் 15:26ஐயும் சொல்கிறார்கள். ஆண்டின் மிகப் பெரிய மன்னிப்பு நாள் இந்தப் பகுதியின் சொற்களோடு தொடங்குகிறது.

ஜனங்கள் அழுத அந்த இரவு எபிரெய நாட்காட்டியில் ஆப் மாதம் ஒன்பதாம் தேதி என்பது மரபு. காரணமில்லாமல் அழுதீர்கள், தலைமுறை தலைமுறையாக அழ ஒரு காரணம் தருவேன் என்று கர்த்தர் சொன்னதாகத் தல்மூத் கூறுகிறது. எருசலேமின் இரண்டு தேவாலயங்களும் இடிந்த நாளாக அவர்கள் உபவாசம் இருப்பதும் அதே தேதியில்தான்.

மறுநாள் காலை

14:39 முதல் 45 வரை ஏழே வசனங்கள். பெரும்பாலான பிரசங்கங்கள் இதைத் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பகுதியின் இதயம் இங்கேதான் இருக்கிறது.

தீர்ப்பைக் கேட்ட ஜனங்கள் மிகவும் துக்கப்பட்டு, மறுநாள் அதிகாலையில் எழுந்து மலையுச்சிக்கு ஏறுகிறார்கள். நாங்கள் பாவம் செய்தோம், கர்த்தர் சொன்ன இடத்துக்குப் போவோம் என்கிறார்கள். முந்தின நாள் காலேப் சொன்னதும் இதேதான், போவோம் என்றுதான். அதே திசை, அதே தேசம். பாவ அறிக்கைகூட இருக்கிறது. ஆனால் மோசே, போகாதீர்கள், கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை என்கிறார். அவர்கள் கேட்கவில்லை. உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தை விட்டு நகரவில்லை. அமலேக்கியரும் கானானியரும் இறங்கிவந்து அவர்களை ஓர்மா மட்டும் முறிய அடித்தார்கள்.

போ என்றபோது போகவில்லை, போகாதே என்றபோது போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாவது செயல் தைரியமாகவும் விசுவாசமாகவும் தெரியும். இரண்டிலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சொன்னவரின் சொல்லைவிடத் தங்கள் கணக்கு மேல் என்ற எண்ணம். நேற்று அந்தக் கணக்கு பயத்தால் வந்தது, இன்று துக்கத்தால் வருகிறது. மனந்திரும்புதல் என்பது நேற்று செய்யாததை இன்று செய்துவிடுவது என்று நினைக்கிறவர்கள் இந்த ஏழு வசனங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அந்த மக்களுக்கு அன்று இருந்த கீழ்ப்படிதல், திரும்பி வனாந்தரத்துக்கு நடப்பது. எந்தப் பெருமையும் இல்லாத கீழ்ப்படிதல் அது. அதுதான் அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது.

15ஆம் அதிகாரம்

இப்போது அந்த அளவுக் கணக்குக்கு வரலாம். அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: நான் உங்களுக்குக் கொடுக்கும் தேசத்தில் நீங்கள் சேர்ந்தபின். நாற்பது வருடம் உள்ளே போக முடியாது என்று கேட்ட மக்களிடம், உள்ளே போன பிறகு காணிக்கை எப்படிப் படைப்பது, பிசைந்த மாவின் முதற்பலனை எப்படி எடுத்து வைப்பது என்று சொல்கிறார். அடுத்த தலைமுறை நிச்சயம் போகும் என்று தேற்றுவதற்காகவே இது இங்கே வருகிறது என்கிறார் ராம்பன். அந்தக் கண்ணோட்டத்தில் வாசித்தால் எண்ணெயின் அளவுகூட வேறு மாதிரி ஒலிக்கும்.

பிறகு, அறியாமையினால் செய்த பாவத்துக்கும் துணிகரமாய்ச் செய்ததற்கும் உள்ள வித்தியாசம். அடுத்து ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய மனிதன் கல்லெறிந்து கொல்லப்படும் கதை. புதிதாக வாசிக்கிறவர்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும். உடனே ஒரு நியாயம் கண்டுபிடித்து நகர்ந்துவிடாதீர்கள். அந்த மனிதனின் பெயரை வேதம் சொல்லவில்லை. அவர் செலொப்பியாத் என்று ரபி அகிவா சொன்னபோது, ரபி யெகூதா பென் பெத்தேரா அவரைக் கண்டித்ததாகத் தல்மூத்தில் இருக்கிறது: நீர் சொல்வது சரியென்றால், தோரா மூடிவைத்ததை நீர் வெளியே காட்டுகிறீர். தவறென்றால், ஒரு நீதிமான் மேல் பழி சுமத்துகிறீர். ஒரு தேசத்தைப் பற்றிக் கெட்ட செய்தி பரப்பியதன் விளைவைச் சொல்லும் பகுதியில், ஒரு பாவியைப் பற்றிப் பேசவும் எல்லை உண்டு என்று நினைவூட்டுகிறார்கள்.

பகுதி முடிவது ஆடையின் ஓரத்தில் கட்டும் தொங்கல்களோடும் இளநீல நாடாவோடும். அதைப் பார்த்து கட்டளைகளை நினைக்க வேண்டும், இருதயத்துக்கும் கண்களுக்கும் ஏற்றபடி அலைந்து திரியக் கூடாது. பார்த்துவா என்று தொடங்கிய பகுதி, எப்படிப் பார்ப்பது என்பதில் வந்து நிற்கிறது. இந்த ஐந்து வசனங்களையும் யூதர்கள் ஷெமா ஜெபத்தின் மூன்றாவது பத்தியாகக் காலையும் மாலையும் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை, ஹஃப்தாரா

தோரா பகுதிக்குப் பின் தீர்க்கதரிசன நூல்களிலிருந்து வாசிக்கும் துணைப் பகுதி ஹஃப்தாரா. ஷெலாக்குக்கு அது யோசுவா 2ஆம் அதிகாரம். இந்தத் தடவை யோசுவா இரண்டே பேரை, இரகசியமாக அனுப்புகிறார். அவர்கள் எரிகோவில் ராகாபின் வீட்டில் தங்குகிறார்கள். அளந்தும் எண்ணியும் வந்ததாக ஒரு வரிகூட இல்லை.

தாளின் அடியில் எழுதிய கேள்வியை இப்போது எடுங்கள். அவர்கள் பார்வைக்கு நாம் எப்படி இருந்தோம்? அந்தத் தேசத்தில் பிறந்த ராகாப் 2:9–11இல் பதில் சொல்கிறாள். கர்த்தர் உங்களுக்குத் தேசத்தை ஒப்புக்கொடுத்தார் என்று அறிவேன், உங்களைப் பற்றிய பயம் எங்களைப் பிடித்தது, சிவந்த சமுத்திரத்தை வற்றப் பண்ணினதைக் கேட்டபோது எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று. சமுத்திரச் செய்தி பழைய செய்தி. முதல் ஒற்றர் போவதற்கு முன்பே நடந்தது. அவர்கள் தங்களை வெட்டுக்கிளிகளாகப் பார்த்துக்கொண்டு நடந்த தெருக்களில், ஒருவேளை அப்போதே ஜனங்கள் இவர்களை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

நேரம் இருந்தால் யோசுவா 14:6–14ஐயும் வாசித்துவிடுங்கள். 85 வயதுக் காலேப் வந்து, ஏனாக்கியர் இருக்கும் அதே எபிரோன் மலைநாட்டைத் தனக்குத் தரும்படி கேட்கிறார்.

சனிக்கிழமை

தனியாக வாசித்ததை இன்னொருவரோடு பேசுவதுதான் இந்த முறையின் கடைசிப் படி. இரண்டு பேராக உட்கார்ந்து வாதாடிப் படிப்பது யூதர்களின் பழைய பழக்கம். வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் பேசலாம். இரண்டு கேள்விகள் தருகிறேன், பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். காலேபும் மற்றவர்களும் பார்த்தது ஒன்றாக இருக்க, முடிவு மட்டும் ஏன் மாறியது? மறுநாள் காலை மலை ஏறியவர்களைத் தடுக்க மோசே வேறு என்ன சொல்லியிருக்கலாம்? ஒருவர் ஒற்றர் பக்கம் நின்று மனப்பூர்வமாக வாதாடினால் பேச்சு ஆழமாகும். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கோத்திரத்தில் தலைவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சனிக்கிழமை பிற்பகல் ஜெப ஆலயத்தில் அடுத்த வாரப் பகுதியின் தொடக்க வசனங்களை வாசித்துவிடுவார்கள். அது கோராகின் கலகம், எண்ணாகமம் 16 முதல் 18 வரை. கோராகு 250 பேருக்கு முழுக்க நீல ஆடை உடுத்தி மோசேயிடம் கூட்டிவந்து, ஆடையே நீலமாக இருக்கும்போது இதற்கும் தொங்கல் தேவையா என்று கேட்டதாக ராஷி உரையில் ஒரு கதை இருக்கிறது. ஷெலாக்கின் கடைசி ஐந்து வசனங்களை இன்னொரு முறை படித்துவிட்டு 16:1ஐத் திறங்கள்.